கால்பந்தாட்டத்தில் நடுவரும் விதியும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவோர் உண்டு. இசை பேசுவோரும் உண்டு. நாமோ இன்று கால்பந்தாட்டத்தைப் பற்றி, அதிலும் பந்தை ஒருமுறையேனும் உதைக்காமல் களம் முழுதும் ஓடுகின்ற நடுவரைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். இதற்குக் காரணம் உண்டு. நாம் குடியிருப்பது வங்க மண். மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் மோதும் நாளில் இங்கே தேநீர்க் கடையில் வேறு பேச்சு எழாது. நம் ரயில்வேக்கும் இவ்வாட்டத்துக்கும் உள்ள உறவோ மிகப் பழையது. பி. கே. பானர்ஜி ஆடிய கிழக்கு ரயில்வே அணி 1958 ஆம் ஆண்டில் கல்கத்தா லீக்கை வென்றது. சந்தோஷ் கோப்பையை ரயில்வே அணி 1961-62, 1964-65, 1966-67 ஆகிய ஆண்டுகளில் மூன்று முறை கைக்கொண்டது. ஆகவே ரயில்வே காலனியில் கால்பந்தைப் பற்றிப் பேசுவது இடமறியாப் பேச்சு ஆகாது.

ஆயினும் ஒன்று. ஆட்டம் முடிந்து வீடு திரும்பும்போது கோல் போட்டவனைப் பற்றிப் பத்துச் சொல் பேசினால், நடுவரைப் பற்றி நூறு சொல் பேசுகிறோம். அந்த நூறும் பாராட்டு அல்ல. நடுவர் விதியை எவ்வாறு பொருள் கொள்கிறார், எவ்வாறு செயற்படுத்துகிறார் என்பதைச் சற்று ஆராய்ந்து பார்த்தால் அந்த நூறில் எண்பதேனும் குறையும் என்பது நம் நம்பிக்கை.

முதலில் நடுவர் பிறந்த கதையைக் காண்போம். 1863 ஆம் ஆண்டில் லண்டனில் கால்பந்துச் சங்கத்தார் விதிகளை எழுதியபோது அதில் நடுவருக்கு இடமே இல்லை. ஆடுவோர் கனவான்கள், தவறு நேர்ந்தால் தாமே ஒப்புக்கொள்வர் என்று அவர்கள் கருதினர். பின்னர் அணிக்கு ஒருவராக இரண்டு அம்பயர்கள் வந்தனர். அவர்கள் இருவருக்கும் கருத்து மாறுபட்டால், களத்துக்கு வெளியே இருந்த மூன்றாமவரிடம் வழக்கு சென்றது. அவ்வாறு வழக்கு எடுத்துச் செல்லப்பட்டவரே 'ரெபரி' எனப் பெயர் பெற்றார். 1891 ஆம் ஆண்டில் அவர் களத்துக்குள் இறங்கினார். அம்பயர்கள் கோட்டருகே சென்று லைன்ஸ்மேன்கள் ஆயினர். பெனால்டி உதை வந்ததும் அதே ஆண்டில்தான். லைன்ஸ்மேன் என்ற பெயர் 1996 இல் உதவி நடுவர் என மாறியது.

இக்கதையில் நாம் கருதத் தக்கது ஒன்று உண்டு. நேர்மையுள்ள இருவர் ஒரே நிகழ்ச்சியைக் கண்டு வெவ்வேறு முடிவுக்கு வருதல் கூடும் என்பதை உலகம் ஒப்புக்கொண்ட நாளில்தான் நடுவர் பிறந்தார். கருத்து வேற்றுமையே நடுவருக்குத் தாய் எனலாம்.

இன்று ஆட்டத்துக்கு 17 விதிகள் உள்ளன. இவற்றைக் காத்து வருவது 1886 இல் தோன்றிய பன்னாட்டு விதிமன்றம். அதில் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகிய நான்கு சங்கங்களுக்கும் ஆளுக்கு ஒரு வாக்கு; 1913 இல் சேர்ந்த ஃபிஃபாவுக்கு நான்கு வாக்கு. எட்டில் ஆறு வாக்குக் கிடைத்தாலன்றி ஓர் எழுத்தையும் மாற்ற இயலாது. இத்துணைக் காவலோடு எழுதிய விதியிலேயே, முடிவுகள் நடுவரின் கருத்தை அடிப்படையாகக் கொண்டவை என்றும், ஆட்டத்தின் உணர்வுக்கு ஏற்ப அவர் நடந்துகொள்ள வேண்டும் என்றும் ஐந்தாம் விதி வெளிப்படையாகக் கூறுகிறது.

ரயில்வே ஊழியர்களாகிய நமக்கு இது புதுமையாகத் தோன்றும். நம் வண்டி ஓட்டுநர் சிவப்பு சிக்னலைக் கண்டால் நிற்கத்தான் வேண்டும். 'இந்தச் சிவப்பின் கருத்து யாது?' என்று அவர் ஆராயக் கூடாது. கால்பந்து நடுவரின் சட்டைப்பையிலும் ஒரு சிவப்பும் ஒரு மஞ்சளும் உண்டு. 1966 உலகக் கோப்பையில் இங்கிலாந்தும் அர்ஜென்டினாவும் ஆடிய ஆட்டத்தில் யாருக்கு எச்சரிக்கை, யாருக்கு வெளியேற்றம் என்பது மொழி புரியாமல் குழப்பம் ஆயிற்று. அதன்பின் நடுவர் குழுத் தலைவர் கென் ஆஸ்டன் சாலை விளக்கைக் கண்டு இவ்வட்டைகளை எண்ணினார். 1970 மெக்சிகோ உலகக் கோப்பையில் அவை நடைமுறைக்கு வந்தன. நமக்கும் மஞ்சள் எச்சரிக்கை. அவர்களுக்கும் மஞ்சள் எச்சரிக்கை. ஆனால் நம் சிக்னல் கம்பத்தில் எரிகிறது; அவர்களுடைய சிக்னலை ஒரு மனிதன் மூச்சு வாங்க ஓடிவந்து, நொடிப் பொழுதில் எண்ணி, தன் கையால் உயர்த்த வேண்டும். வேறுபாடு அங்கேதான் இருக்கிறது.

அவர் எதை எண்ண வேண்டும்? ஓர் ஆட்டக்காரன் எதிராளியின் காலை இடறுகிறான் என வைத்துக்கொள்வோம். கவனக்குறைவால் நேர்ந்தது என்றால் ப்ரீ கிக் மட்டுமே, அட்டை இல்லை. எதிராளிக்கு நேரக்கூடிய ஆபத்தைப் பொருட்படுத்தாமல் பாய்ந்தான் என்றால் மஞ்சள். அளவு மீறிய வலிமையோடு அவன் உடலுக்கே தீங்கு வரும்படி மோதினான் என்றால் சிவப்பு. இடறல் ஒன்றே, தண்டனை மூன்று. இவற்றைப் பிரிக்கும் கோடு புல்தரையில் சுண்ணாம்பால் போடப்பட்டதன்று. நடுவரின் உள்ளத்தில் இருப்பது.

ஆப்சைடு விதியையும் பாருங்கள். ஆப்சைடு இடத்தில் நிற்பது மட்டும் குற்றம் ஆகாது. அங்கே நின்றவன் ஆட்டத்தில் கலந்தானா, கோல்காப்போனின் பார்வையை மறைத்தானா, எதிராளி பந்தை ஆடவிடாமல் தடுத்தானா என்றெல்லாம் கண்ட பின்னரே குற்றம் முடிவாகும். இதனால்தான் உதவி நடுவர் சில வேளைகளில் கொடியை உடனே தூக்காமல் காத்திருக்கிறார். நாமோ 'தூங்குகிறான்' என்று கூவுகிறோம்.

இன்னும் அழகியது 'அட்வான்டேஜ்' என்னும் ஏற்பாடு. தவறு நேர்ந்தும், பாதிக்கப்பட்ட அணியின் கையில் நல்ல வாய்ப்பு இருந்தால் நடுவர் விசில் ஊதாமல் ஆட்டத்தைத் தொடர விடலாம். எதிர்பார்த்த நன்மை சில நொடிகளுக்குள் விளையாவிட்டால் திரும்பி வந்து பழைய தவறுக்குத் தண்டனை தரலாம். விசில் ஊதுவது மட்டுமன்றி, ஊதாதிருப்பதும் ஒரு தீர்ப்பே.

இனி, நடுவர் மீது நாம் சுமத்தும் பழிகளை மூன்று வகையாகப் பிரித்துக் காண்போம். முதலாவது, கண்ணின் பிழை. இரண்டாவது, கருத்தின் வேற்றுமை. மூன்றாவது, சட்டத்தின் பிழை. இம்மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி 'மோசடி' என்று முத்திரை குத்துவதே நம் வழக்கம். பார்சல் அலுவலகத்தில்கூட அவ்வாறு கட்டமாட்டார்கள்.

கண்ணின் பிழைக்கு 1986 ஆம் ஆண்டு ஜூன் 22 ஆம் நாள் மெக்சிகோ நகரில் நடந்ததே சான்று. இங்கிலாந்துக்கு எதிராக மரடோனா கையால் தட்டிய பந்து கோலாயிற்று. துனிசிய நாட்டு நடுவருக்கு அந்தக் கை தெரியவில்லை. அங்கே விதியில் ஐயம் இல்லை, கருத்திலும் வேற்றுமை இல்லை, காணவில்லை, அவ்வளவே. 2010 இல் தென்னாப்பிரிக்காவில் ஜெர்மனிக்கு எதிராக இங்கிலாந்தின் லாம்பார்ட் அடித்த பந்து கோட்டைத் தெளிவாகத் தாண்டி உள்ளே விழுந்து வெளியே வந்தது, கோல் கொடுக்கப்படவில்லை. இப்பிழைக்கு மருந்து கிடைத்துவிட்டது. கோல் கோட்டை அறியும் கருவிக்கு 2012 இல் ஒப்புதல் கிடைத்தது; 2014 உலகக் கோப்பையில் அது பணிபுரிந்தது. பந்து கோட்டைத் தாண்டியதா என்பது அளவைக் கேள்வி. அளவைக் கேள்விக்குக் கருவி விடை சொல்லும்.

இரண்டாவது வகையோ கருவிக்கு அடங்காதது. 2018 இல் வீடியோ உதவி நடுவர் முறை விதிப்புத்தகத்தில் ஏறியது. அவ்வாண்டின் விதிப்படி கோல், பெனால்டி, நேர்ச் சிவப்பு அட்டை, ஆள் மாறாட்டம் ஆகிய நான்கில் மட்டுமே அவர் குறுக்கிட இயன்றது. அதுவும் தெளிவான, வெளிப்படையான பிழை அல்லது கண்ணுக்குத் தப்பிய பெருங்குற்றம் இருந்தால்தான். அதே ஆண்டு மாஸ்கோவில் பிரான்சுக்கும் குரோஷியாவுக்கும் இறுதி ஆட்டம். கார்னரிலிருந்து வந்த பந்து குரோஷிய வீரர் பெரிசிச்சின் கையில் பட்டது. அர்ஜென்டினா நாட்டு நடுவர் பித்தானா திரையருகே சென்று திரும்பத் திரும்பப் பார்த்தார். கையில் பட்டது என்பதைத் திரை காட்டிவிட்டது. ஆனால் அக்காலத்து விதி கேட்டது வேறு: வேண்டுமென்றே பட்டதா? உள்ளக் கருத்தைத் திரை காட்டுமா? இறுதியில் ஒரு மனிதர்தான் முடிவு செய்தார். பெனால்டி கொடுத்தார்; பிரான்சு 4-2 என்று வென்றது. உலகத்தில் பாதிப்பேர் சரி என்றனர். பாதிப்பேர் தவறு என்றனர். எல்லாரும் பார்த்தது ஒரே படத்தைத்தான்.

இத்தகைய வழக்குகளின் விளைவாகவே 2019 இல் ஹேண்ட்பால் விதி விரிவாகத் திருத்தப்பட்டது. திருத்தியும் குழப்பம் தீராமையால் 2021 இல், கையில் பட்ட ஒவ்வொரு பந்தும் குற்றம் அன்று. கையின் நிலை அவ்வேளை உடலசைவுக்கு இயல்பானதா, அன்றி உடலை இயல்பின்றி அகலமாக்கியதா என்பதை நடுவர் மதிப்பிடுக என்று தெளிவுரை வந்தது. அதாவது, விதியை எத்துணை விரித்து எழுதினாலும் கடைசியில் மீண்டும் நடுவரின் மதிப்பீட்டிடமே வந்து நிற்கிறது.

விதி கடுமையாக இருந்தால் நடைமுறை அதை நெகிழ்த்திவிடும் என்பதற்கும் ஒரு சான்று உண்டு. கோல்காப்போன் பந்தைக் கையில் 6 நொடிக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்று விதி இருந்தது. மீறினால் கோலுக்கு அருகிலேயே எதிரணிக்கு ப்ரீ கிக். இத்துணைச் சிறு தாமதத்துக்கு இத்துணைப் பெரிய தண்டனையா என்று தயங்கி, பெரும்பாலான நடுவர்கள் அதை ஏட்டிலேயே விட்டுவிட்டனர். 2025 இல் விதிமன்றத்தார் காலத்தை 8 நொடி ஆக்கி, கடைசி 5 நொடிகளை நடுவர் கை உயர்த்தி எண்ணிக் காட்ட வேண்டும் என்றும், மீறினால் கார்னர் உதை என்றும் மாற்றினர். நடுவர்களின் தயக்கம் விதியையே திருத்தியது. அலுவலகத்தில் 'விதிப்படி' என்று கோப்பில் எழுதுவது எளிது. அவ்விதி நடக்கக் கூடியதா என்பதை அதைக் கையாளுகின்றவனே முதலில் அறிகிறான்.

மூன்றாவது, சட்டத்தின் பிழை. இதற்கு மன்னிப்புக் குறைவு. 2005 செப்டம்பரில் தாஷ்கண்டில் உஸ்பெகிஸ்தானுக்கும் பஹ்ரைனுக்கும் உலகக் கோப்பைத் தகுதி ஆட்டம். 1-0 என முன்னணியில் இருந்த உஸ்பெகிஸ்தானுக்குப் பெனால்டி கிடைத்தது, கோலும் விழுந்தது. ஆனால் உதைக்கும் முன்பே உஸ்பெக் வீரர் ஒருவர் எல்லைக்குள் ஓடிவிட்டார். அந்நாளைய விதிப்படி உதை மீண்டும் எடுக்கப்பட வேண்டும். ஜப்பான் நாட்டு நடுவரோ பஹ்ரைனுக்கு ப்ரீ கிக் கொடுத்துவிட்டார். அவர் கண்டது சரி. அதற்கு உரிய விதியைப் பொருத்தியதில்தான் தவறு. ஃபிஃபா அந்த ஆட்டத்தையே செல்லாதென அறிவித்து மீண்டும் ஆடச் செய்தது. மறு ஆட்டம் 1-1. அடுத்து பஹ்ரைனில் 0-0. வெளியூரில் அடித்த ஒரு கோலின் பலத்தால் பஹ்ரைன் மேலே சென்றது. வென்ற ஆட்டத்தை இழந்து உஸ்பெகிஸ்தான் வெளியேறியது. கண்ணின் பிழைக்கும் கருத்தின் வேற்றுமைக்கும் மறு ஆட்டம் கொடுப்பதில்லை. சட்டத்தையே பிறழ்ந்ததால்தான் இது நேர்ந்தது. ஆதலின் நடுவராக விரும்பும் இளைஞன் முதலில் விதிப்புத்தகத்தை மனப்பாடம் செய்ய வேண்டும். கருத்துக்கு உரிமை கேட்பவன் சட்டத்தில் வழுவலாகாது.

நம் நாட்டு நிகழ்ச்சி ஒன்றையும் சொல்லுவோம். 2023 மார்ச் 3 ஆம் நாள் பெங்களூர் கண்டீரவா மைதானத்தில் பெங்களூர் அணியும் கேரள பிளாஸ்டர்ஸ் அணியும் ஆடின. கூடுதல் நேரத்தில் பெங்களூருக்கு ப்ரீ கிக். கேரள வீரர்கள் தடுப்புச் சுவர் அமைத்து முடிப்பதற்குள் சுனில் சேத்ரி பந்தைக் கோலுக்குள் செலுத்தினார். நடுவர் கோல் என்றார். எதிராளிகள் 10 கஜம் விலகி நிற்பது உதைப்பவனுக்கு விதி தந்த சலுகை. அதை வேண்டாமென்று விட்டு விரைவாக உதைக்க அவனுக்கு உரிமை உண்டு. விசிலுக்குக் காத்திரு என்று நடுவர் கட்டளையிட்டிருந்தால் மட்டுமே அவ்வுரிமை இல்லை. கட்டளை இருந்ததா இல்லையா என்பதே வழக்கு. கேரள அணியார் வழக்காட நிற்கவில்லை. களத்தை விட்டே வெளியேறினர். ஆட்டம் பெங்களூருக்குப் போயிற்று. வெளியேறிய அணிக்கு 4 கோடி ரூபாய் அபராதம், பயிற்சியாளருக்கு 10 ஆட்டத் தடை. கோல் சரியா என்று இன்றும் வாதிடுவோர் உண்டு. ஆனால் மீதமிருந்த நேரத்தில் ஆடிச் சமன் செய்யும் வாய்ப்பை அவர்கள் தம் கையாலேயே அழித்துக்கொண்டனர் என்பதில் வாதம் இல்லை.

அன்பர்களே! இவை அபராதத்தோடு முடிந்தவை. உயிரோடு முடிந்தவையும் உண்டு. 1964 மே 24 ஆம் நாள் பெரு நாட்டின் லிமா நகரில் ஒலிம்பிக் தகுதி ஆட்டம். அர்ஜென்டினா 1-0 என முன்னணி. ஆட்டம் முடியும் தறுவாயில் பெரு அடித்த கோலை, தவறான ஆட்டம் எனக் கருதி, உருகுவே நாட்டு நடுவர் தள்ளுபடி செய்தார். கருத்தின் வேற்றுமைதான். மக்கள் களத்தில் குதித்தனர். போலீசார் கண்ணீர்ப் புகை வீசினர். ஓடியவர்கள் மூடிய கதவுகளுக்குப் பின்னே படிக்கட்டுகளில் நசுங்கினர். அரசாங்கக் கணக்குப்படி இறந்தவர் 328 பேர். நம் கல்கத்தாவிலும் 1980 ஆகஸ்டு 16 ஆம் நாள் ஈடன் தோட்டத்தில், களத்தில் மூண்ட மோதல் பார்வையாளரிடையே பரவி 16 பேர் மாண்டனர். காலையில் 'ஆட்டம் பார்த்துவிட்டு வருகிறேன்' என்று தாயிடம் சொல்லிச் சென்ற பிள்ளைகள் அவர்கள். ஒரு கோலின் விலை அத்துணை உயர்ந்ததா?

'அவை பெருநகரக் கதைகள், நமக்கென்ன?' என்று எண்ண வேண்டாம். சென்ற ஆண்டுப் பொங்கல் விளையாட்டில் நம் பிள்ளைகளுக்கும் பக்கத்துத் தெருத் தெலுங்குப் பிள்ளைகளுக்கும் நடந்த ஆட்டத்தை நாம் எல்லோரும் பார்த்தோம். விசில் ஊதியவர் நம் அண்டை வீட்டு வங்காள அன்பர். தமிழருக்கும் தெலுங்கருக்கும் பொதுவான ஆள் வேண்டும் என்று ஆண்டுதோறும் அழைத்தோம். அவரும் கைம்மாறு கருதாமல் வந்தார். கீழே விழுந்த ஒரு சிறுவன் தரையில் ஊன்றிய கையில் பந்து பட்டது. விழுகிறவன் கை ஊன்றுவது இயல்பு என்று கருதி அவர் ஆட்டத்தைத் தொடரச் செய்தார். விதியின் கருத்துக்கு முற்றும் பொருந்திய முடிவு அது. ஆனால் வெளியே நின்ற பெரியவர் ஒருவர் உள்ளே சென்று அவர் சட்டையைப் பற்றினார். அவர் மொழியையும் இனத்தையும் சேர்த்து ஏசினார். நடுவர் ஒரு சொல்லும் மறுத்துரைக்கவில்லை. ஆட்டத்தை முடித்து, விசிலைச் சங்க மேசைமேல் வைத்துவிட்டு வீடு சென்றார். இவ்வாண்டு அழைக்கச் சென்றோரிடம், உடல்நலம் சரியில்லை என்று புன்னகையோடு சொல்லி அனுப்பிவிட்டார். விசில் இன்னும் செயலாளர் அலமாரியில் இருக்கிறது. எடுத்து ஊத ஆள் இல்லை. நடுவர் இல்லையேல் ஆட்டம் இல்லை. வருந்துகிறவர்கள் பெரியவர்கள் அல்லர். பூட்ஸைத் துடைத்து வைத்துக்கொண்டு காத்திருக்கும் நம் பிள்ளைகள்.

நடுவு நிலைமைக்கென ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவரின் வழியில் வந்தவர்கள் நாம். துலாக்கோலை அங்கே உவமையாகக் கண்டோம். துலாக்கோலையே பற்றி உலுக்கினால் அது எவ்வாறு சரியாக நிற்கும்?

ஆதலின் மூன்று வேண்டுகோளை இச்சபையின் முன் வைக்கிறோம். முதலாவது, காலனி ஆட்டங்களில் நடுவரிடம் பேசும் உரிமை அணித் தலைவன் ஒருவனுக்கே இருக்கட்டும். 2024 ஐரோப்பியக் கோப்பையில் இம்முறையைக் கையாண்டனர். பெரிய ஆட்டக்காரர்களுக்கே பொருந்தியது நம் சிறுவர்க்குப் பொருந்தாதா? இரண்டாவது, நடுவரை ஏசும் சிறுவனைச் சில நிமிடம் வெளியே உட்காரவைக்கும் தற்காலிக வெளியேற்றத்துக்கு, இளையோர் ஆட்டங்களில் விதியே இடம் தருகிறது, அதை மேற்கொள்வோம். வெளியே நின்று ஏசும் தந்தைக்கும் அதுவே தண்டனையாகட்டும்! மூன்றாவது, நம் இளைஞரில் ஆணும் பெண்ணுமாகச் சிலர் நடுவர் தேர்வு எழுத முன்வர வேண்டும். 2002 இல் கொரியாவிலும் ஜப்பானிலும் நடந்த உலகக் கோப்பையில் கொடி பிடித்த உதவி நடுவர் கோமளீஸ்வரன் சங்கர் தமிழர். திண்டுக்கல்லின் ரூபா தேவி நம் நாட்டுக்காக ஆடி, பின்னர் ஃபிஃபா பட்டியலில் நடுவராக இடம் பெற்றார். நம் அணி உலகக் கோப்பையில் ஆடாமற் போனாலும், நம்மவர் நடுவு நிலைமை அங்கே சென்று வந்திருக்கிறது. இதைவிட ஒரு சமுதாயத்துக்குப் பெருமை வேறு உண்டோ?

இறுதியாக ஒரு சொல். அந்த வங்காள அன்பரின் வீடு இங்கிருந்து நான்கு வீடு தள்ளித்தான் இருக்கிறது. இவ்விழா முடிந்ததும் சங்கத்தின் சார்பில் தலைவர் அவர்களும், செயலாளர் அவர்களும், இரு அணிச் சிறுவர்களும் பொங்கலும் கரும்பும் எடுத்துக்கொண்டு அவர் வாசலுக்குச் செல்ல வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறோம். விசிலையும் எடுத்துச் செல்லுங்கள். அவர் வாங்கிக்கொண்டால் ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் நடக்கும்.